சிலந்தியின் தந்திரம்

பலமற்றவனுக்குப் புத்தியே படைக்கலம். இவ்வுண்மையை எல்லாத் தேசத்தாரும் தங்கள் புராணக் கதைகளில் பொதிந்து வைத்திருக்கின்றனர். எனினும், இதனை உயிரினும் மேலாகப் பேணி வந்தவர்கள் யார் என்று கேட்டால், மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று கானா என வழங்கும் நாட்டின் அஷாந்தி மக்களையே நாம் முதலிற் சுட்டுவோம்.

அவர்களுடைய கதாநாயகன் அனான்ஸி என்னும் சிலந்தி. ஆதியில் கதைகள் யாவும் ஆகாயக் கடவுளாகிய நியாமேயின் உடைமையாயிருந்தனவாம். அவற்றுக்கு அவர் கேட்ட விலையில் மலைப்பாம்பும், சிறுத்தையும், குளவிக் கூட்டமும் அடங்கும். பெரிய ஊர்களாலும் கொடுக்க முடியாத விலை அது. அனான்ஸியோ, பாம்பு நீளமா கோல் நீளமா என்று வாதம் கிளப்பி, அளக்கும் பாவனையில் பாம்பைக் கோலோடு சேர்த்துக் கட்டினான். தண்ணீரைத் தெளித்து மழையென்று நம்பச் செய்து, குளவிகளைச் சுரைக்குடுக்கைக்குள் புகவிட்டு அடைத்தான். அன்று முதல் கதைகளெல்லாம் சிலந்திக் கதைகளாயின.

அடிமை வியாபாரிகள் அம்மக்களைக் கப்பலேற்றியபோது நிலம், சுற்றம், பெயர் அனைத்தையும் பறித்தனர். கதையைப் பறிக்க இயலவில்லை. ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களில் அனான்ஸி மறுபடியும் உயிர் பெற்றான். பகலெல்லாம் சவுக்கேந்திய கங்காணியின்முன் வாய் திறவாது உழைத்தவர்கள், சிலந்தி புலியை ஏமாற்றிய கதை கேட்டு இரவில் நகைத்தனர். அந்நகைப்பை வெறும் பொழுதுபோக்கு என்று யாரே கூறத் துணிவர்?

அமெரிக்காவிலே அடிமைகளின் தந்திரசாலி முயலாயிற்று. அம்முயற் கதைகளை 1880-ல் நூலாக்கியவர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்னும் வெள்ளைப் பத்திரிகையாளர். கதைகளை ஏட்டில் ஏற்றிய நன்றி அவருக்கு உரியதே. ஆனால், பழைய எஜமானர்களிடம் பற்று நீங்காத ரீமஸ் மாமா என்னும் கிழவனின் வாயில் அவற்றை அவர் வைத்தார். கேட்பவனோ வெள்ளைக் குடும்பத்துச் சிறுவன். அடிமையின் ஆயுதம் இவ்வாறு எஜமானன் வீட்டு விளையாட்டுப் பொருளாயிற்று.

1935-ல் ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்னும் கறுப்பின எழுத்தாளர் தம் மக்களிடமே சென்று கேட்டு ஒரு கதைத் தொகுதி வெளியிட்டார். அதில் ஜான் என்னும் அடிமை தன் எஜமானனையே ஏய்க்கிறான். மிருக வேஷமும் அங்கே வேண்டியிருக்கவில்லை. முயல் ஒட்டிக்கொண்ட தார்ப் பொம்மையையே தலைப்பாகக் கொண்டு டோனி மாரிஸன் 1981-ல் நாவல் எழுதினார். பறிபோன சொத்து உரியவர் கைக்கு மீண்டது.

இனி, கதை எழுதுவோர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. அனான்ஸி மகாத்மா அல்லன், பேராசைக்காரன். உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு மரமேறத் தத்தளித்தான். ‘முதுகிற் கட்டிக்கொள்ளலாமே’ என்று கீழிருந்து மகன் கூறினான். அறிவு முழுவதும் தன்னிடமில்லை என்றறிந்த வெட்கத்தில் பானை நழுவி உடைந்தது. அறிவும் ஊரெங்கும் சிதறிற்று.

தங்கள் வீரனையே இவ்வாறு எள்ளி நகைக்கும் துணிவு அம்மக்களுக்கு இருந்தது. தந்திரசாலியை உத்தமனாக்கும் ஆசிரியன் அவனைக் கொல்கிறான்; கோமாளி மட்டும் ஆக்குபவன் அவனை விற்கிறான். வலியவனை வீழ்த்தும் புத்தி நமக்கு வேண்டும். அப்புத்தி முழுவதும் தன் பானைக்குள்தான் என்று எண்ணும் தலைவன் நமக்கு வேண்டா.