ஏற்காடு ஏரித் தண்ணீர் எங்கே போகிறது? கரையோரம் நடந்தால் தெரியும்

அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியைப் பார்ப்பது படகில் இருந்துதான். அரை மணி நேரப் படகுச் சவாரி, அண்ணா பூங்காவில் ஒரு சுற்று, கரையோரக் கடையில் சூடாக மிளகாய் பஜ்ஜி. அதோடு லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று வண்டி கிளம்பிவிடுகிறது. ஊரின் நட்டநடுவே தண்ணீரை ஒட்டி நடக்கலாம் என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை.

ஊட்டி ஏரியை ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்தார். கொடைக்கானல் ஏரி 1863-ல் வியர் லெவிஞ்ச் கட்டிய அணையால் உருவானது. ஏற்காடு ஏரியோ இயற்கையாகவே அமைந்தது என்கிறார்கள். சுற்றியுள்ள சரிவுகளில் பெய்கிற மழைதான் அதற்கு வரத்து.

நடக்க நல்ல நேரம் விடியற்காலை. ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் வாகனங்கள் சேர்வதற்கு முன் தண்ணீரை ஒரு கைப்பக்கமாக வைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். தண்ணீர் மேல் படிந்திருக்கும் பனிமூட்டம் வெயில் ஏறியதும் கலைந்துவிடும். கடைகளைத் தாண்டி ஊரின் ஓரத்துக்கு வந்தால் காபித் தோட்டங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். உயரமான சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அவற்றின் நிழலில் காபிச் செடிகள். கோடையில் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், பத்து நாளுக்குள் கிளைக் கணுக்களில் வெள்ளைப் பூ கொத்துக்கொத்தாக வெடிக்கும். மல்லிகையை ஒத்த அந்த வாசனை இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

இந்தக் கரை தமிழ் வரலாற்றோடும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த பீட்டர் பெர்சிவல் 1882-ல் ஏற்காட்டில்தான் காலமானார். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்திய மண்ணில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததை உலகுக்குக் காட்டிய அதே ஃபூட்தான். ஓய்வுக் காலத்தில் அவரும் இந்த ஊருக்கே வந்தார். இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவுச்சின்னம் இருக்கிறது. படகுக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயர்களையும் யாராவது சொல்ல வேண்டும்.

இனி தண்ணீரின் பாதைக்கு வருவோம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழியும் உபரிநீர்தான் சுமார் 3 கி.மீ. தொலைவில் கிளியூர் அருவியாக விழுகிறது. உயரம் ஏறக்குறைய 300 அடி. சாலை முடிந்தபின் அருவிக்கு இறங்கும் வழி செங்குத்தானது. இறங்குவது எளிது, ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்றுகொள்வது நல்லது. கனமழை நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். கோடையில் அருவி வறண்டு கிடக்கும். இந்தத் தொடர்பு புரிந்துவிட்டால், ஏரியில் வீசும் பிளாஸ்டிக் டம்ளரும் கரையோர விடுதிகளின் கழிவுநீரும் எங்கே போய்ச் சேரும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாம் மேலே கொட்டுவதில்தான் கீழே தலை நனைக்கிறோம்.

மலையடிவார நகரம் இதற்குச் சாட்சி. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் மாநகரின் நடுவே ஓடி, பிறகு காவிரியில் கலக்கிறது. சுகவனேஸ்வரர் கோயிலும் கோட்டை மாரியம்மன் கோயிலும் அதன் கரையை ஒட்டியவை. ஒரு மாநகரத்துக்கு இதைவிட நல்ல ஆற்றங்கரை நடை எங்கே வாய்க்கும்? சாக்கடையும் சாயக்கழிவும் சேர்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டும்படி அதை ஆக்கிவிட்டோம். இத்தனைக்கும் மலையுச்சியில், 5,326 அடி உயரத்தில் உள்ள குகைக் கோயிலில், சேர்வராயனோடு மலைவாழ் மக்கள் கும்பிடுவது காவேரியம்மனை.

ஏற்காடு ஏரிக்கு அந்தக் கதி வர வேண்டியதில்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கி.மீ. நடக்கிறவர்கள் கூட்டம் எந்நாளும் இருக்கிறது. கரையில் கால்கள் நடமாடும் இடத்தில் குப்பை கொட்டக் கை கொஞ்சம் தயங்கும் என்பது என் திடமான நம்பிக்கை. ஏற்காட்டில் விடுமுறை நாட்களில் வாகனங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் சாலையில், குழந்தையின் கையைப் பிடித்து நடப்பவர் ஒதுங்கக்கூட இடமில்லாமல் திண்டாடுகிறார். கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு மெனக்கெடும் நிர்வாகம், ஏரியை ஒட்டி நடப்பவர்களுக்கென்று ஒரு பாதையையும் ஒதுக்கித் தர வேண்டும். விழா நாட்களிலாவது காலை வேளையில் வண்டிகளைச் சற்றுத் தள்ளியே நிறுத்தச் சொல்லலாம்.

அடுத்த முறை ஏற்காடு போகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கி, காலை ஆறு மணிக்குக் கரைக்கு வாருங்கள். தண்ணீர் பாட்டிலை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.