ரொட்டி உறையின் பின்பக்கம்

தேக்கா சந்தையில் முருங்கைக்காய்க்கு ஐம்பது காசு குறைத்துக் கேட்பவர் என் அம்மா. அவர் போன மாதம் உள்ளங்கை அகலத் துண்டுகள் கொண்ட ஒரு ரொட்டியை ஒன்பது வெள்ளி கொடுத்து வாங்கி வந்தார். ஒன்றல்ல, இரண்டு பொட்டலம். உறையில் பெரிய எழுத்தில் ‘குளுட்டன் ஃப்ரீ’ என்றிருந்தது. புளோக்கின் கீழே உடற்பயிற்சிக்கு வரும் தோழி ஒருவர், “சர்க்கரை வியாதிக்கு இதுதான் நல்லது” என்று சொன்னாராம்.

அம்மாவுக்கு நீரிழிவு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு வாரம் தினமும் காலையில் அந்த ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால், வழக்கத்தைவிட அளவு கூடியிருந்தது. “மெஷின் கெட்டுப்போச்சு போல” என்றார்.

எழுதிக் கொடுப்பதை எல்லாம் வாசிப்பதுதான் வானொலியில் என் வேலை. ஆனால், ஒரு ரொட்டி உறையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அன்றுதான் வாசித்தேன். தண்ணீர், மரவள்ளி மாவுச்சத்து, அரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவுச்சத்து, அடுத்து சர்க்கரை. பிறகு எண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, சைலியம் உமி, ஈஸ்ட், உப்பு, சாந்தன் பிசின். சிங்கப்பூர் உணவு விதிமுறைப்படி எடை அதிகமானதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஆக, அம்மா ஒன்பது வெள்ளிக்கு வாங்கியது பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கும் அரிசியும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளுட்டன். பரோட்டா மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது அதுதான். ரொட்டியில் ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைப்பதும் அதுவே. அதை எடுத்துவிட்டால் ரொட்டி உப்பாது, உதிர்ந்துவிடும். அந்த இடத்தை நிரப்பத்தான் பிசினும் உமியும். சைலியம் உமி என்றதும் ஏதோ ரசாயனம் என்று அம்மா பயந்துவிட்டார். மலச்சிக்கலுக்கு இரவில் அவர் கரைத்துக் குடிக்கும் அதே இசப்கோல்தான்! சாந்தன் பிசின், சர்க்கரையை நுண்ணுயிர் கொண்டு நொதிக்க வைத்து எடுப்பது. இரண்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. மாவுச்சத்து மட்டும் என்றால் ரொட்டி வெளிறி, சப்பென்று இருக்கும், சீக்கிரம் காய்ந்தும் போகும். அதனால் சர்க்கரையும் எண்ணெயும் சேர்க்கிறார்கள். காயா தடவிய மெத்தென்ற இனிப்பு ரொட்டிக்குப் பழகிய நம் நாக்குக்கு அது பிடித்தும் போகிறது. நூறு கிராம் முழுதானிய ரொட்டியில் ஏறக்குறைய ஒன்பது, பத்து கிராம் புரதம் இருக்கும். குளுட்டன் இல்லாத பல ரகங்களில் அதில் பாதிகூட இருப்பதில்லை.

அம்மா அட்டவணையைப் பார்க்காமல் இல்லை. ‘சர்க்கரை’ என்ற வரியை மட்டும் பார்த்திருக்கிறார். அது குறைவாகத்தான் இருந்தது. அதற்கு மேலே உள்ள ‘மொத்த மாவுச்சத்து’ வரியை விட்டுவிட்டார். மரவள்ளி மாவும் அரிசி மாவும் வயிற்றுக்குள் போனால் வேகமாகக் குளுக்கோஸாக மாறும். அந்த மெஷின் கெட்டுப்போகவில்லை. இனிப்புப் பானங்களுக்கு 2022 இறுதியில் ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேட் வந்தது. ரொட்டிக்கு அப்படி ஓர் எழுத்து இல்லை, நாம்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ‘ஒரு பரிமாறல்’ என்ற பத்தியை நம்பாதீர்கள். துண்டு சிறியதென்றால் எல்லா எண்ணும் சிறியதாகத்தான் தெரியும். நூறு கிராமுக்கு உள்ள பத்தியை ஒப்பிடுங்கள்.

அப்படியானால் இந்த ரொட்டி யாருக்கு? என் தோழியின் மகளுக்கு. தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். அவளுக்கு சீலியாக் நோய். குளுட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். இதற்கு மருந்து கிடையாது, உணவுதான் வைத்தியம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறியதைக் கவனித்தவர் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். குற்றவாளி கோதுமைதான் என்று அவர் 1950ல் ஆய்வேடாகவே எழுதினார்.

நம்மவர்களிடம் இது அரிது. இந்தியாவில் நடத்தி 2016ல் வெளியான ஆய்வில், நோய்க்கான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடம் இருந்தது, தெற்கே 0.10 விழுக்காட்டினரிடம்தான். அரிது என்பதாலேயே தோழி மகளின் வயிற்றுவலிக்குக் காரணம் தெரிய இரண்டு ஆண்டு ஆனது. சந்தேகம் வந்தால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் தெரியாமல் போகலாம்.

இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம் என்று நமக்குத்தான் குளுட்டன் இல்லாத பலகாரம் நிறைய இருக்கிறதே என்று தோழியிடம் சொன்னேன். “சாம்பாரில் பெருங்காயம் இருக்கே” என்றாள். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவைக் கலக்கிறார்கள். எனக்கு இது தெரியாது. ரவை, சேமியா, சோயா சாஸ், மால்ட் பானம் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். லிட்டில் இந்தியாவில் ஒரு பெருங்காய டப்பா வாங்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகுமாம்.

மகளுக்கோ இடியாப்பம் அலுத்துவிட்டது. இடைவேளையில் மற்ற பிள்ளைகள் சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது அவளுக்கும் அது வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக்கூடாது என்பது இந்த ரொட்டிகளுக்கான அனைத்துலக வரம்பு. அவளைப் பொறுத்தவரை அந்த ஒன்பது வெள்ளி வீண் செலவல்ல.

அம்மாவிடம் பிரிக்காத பொட்டலம் ஒன்று மிச்சம் இருந்தது. போன சனிக்கிழமை தோழியும் மகளும் வீட்டுக்கு வந்தபோது அதைப் பிரித்தார். ரொட்டி வாட்டும் கருவியில் பழைய கோதுமைத் துணுக்குகள் இருக்கும் என்பதால் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

“பாட்டி, இதுல சப்பாத்தி சுடுவீங்களா?”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, அலமாரியில் பிரிக்காமல் கிடந்த புது வாணலியைத் தேடப் போனார்.