‘மெடிக்கல் உண்டு’ என்றால் என்ன உண்டு?

வேலை ஆர்டரில் ‘மெடிக்கல் உண்டு’ என்று போட்டிருந்தால், எந்த மெடிக்கல் என்று கேளுங்கள். இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, செலவைத் திருப்பித் தருவது. முதலில் நம் கைக்காசு. பிறகு பில் கொடுத்தால் கம்பெனி தன் பணத்திலிருந்து ஒரு வரம்பு வரை தரும். மாத்திரை, கண்ணாடிச் செலவுகூட இதில் அடங்கலாம். ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை இருந்த வரிவிலக்கு 2018 பட்ஜெட்டோடு போய்விட்டது.

மற்றது இன்சூரன்ஸ். பலர் கட்டும் பிரீமியம் சிலரின் பெருஞ்செலவைத் தாங்கும். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் கிளெய்ம். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் கையிலிருந்து கட்ட வேண்டாம்.

இ.எஸ்.ஐ.யும் இன்சூரன்ஸ்தான். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சாதாரண காய்ச்சலுக்கும் பார்ப்பார்கள்; நம்மை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் உண்டு. அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவருக்கு மட்டும் கிடையாது.

என் அப்பா, அம்மா வயல் கூலிகள். அவர்களுக்கு முதலாளியும் இல்லை, பில்லும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் துணை. 2022-ல் அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். நான் மாதம் 12,000 சம்பாதித்தாலே வீட்டு வருமானம் அதைத் தாண்டிவிடும்.

ஆகவே சம்பளம் எவ்வளவு என்பதோடு, “பெற்றோருக்கும் சேருமா சார்?” என்றும் கேட்போம். கேட்பதில் வெட்கமில்லை!