ஊன்றுகோலும் முழங்காலும்

திருக்குறளில் கேள்வி என்னும் அதிகாரத்தில் ஓர் அரிய உவமை வருகிறது. வழுக்கு நிலத்தில் நடப்பவனுக்குக் கோல் எவ்வாறு உதவுமோ அவ்வாறே ஒழுக்கமுடையார் வாய்ச்சொல் உதவும் என்கிறார் வள்ளுவர். அங்கு அவர் ஆளும் சொல் ஊற்றுக்கோல் என்பது. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய புலவரோ, பூண் சேர்ந்த தலையையுடைய பெருங்கோலை ஊன்றி நடக்கும் முதுமையைப் பாடி, அத்தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் பெற்றார். கோலின் துணையோடு நடப்பது தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இவை சான்றாகும்.

ஆயினும் தளர்ந்த முதியவர் ஊன்றும் கோலுக்கும், முழங்காலில் அறுவைச் சிகிச்சை பெற்றவர் ஊன்றும் கோலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னது எஞ்சிய நாளெல்லாம் உடன் வருவது. பின்னது ஒருநாள் கைவிடப்படுவதற்கென்றே கையில் எடுக்கப்படுவது. அந்த நாள் வருவதும் வாராமற் போவதும் மருத்துவரை மட்டும் பொறுத்ததன்று. நோயாளியையும் அவர்தம் வீட்டாரையும் பெரிதும் பொறுத்ததாகும்.

மூட்டின் அமைப்பு

நம் உடம்பிலுள்ள மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால். தொடையெலும்பும், கணைக்காலின் பெரிய எலும்பும், முன்புறத்துச் சில்லும் அங்கே கூடுகின்றன. எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. இடையே பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் அமைந்து, மேலிருந்து வரும் பளுவைப் பரவச் செய்கின்றன. சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பளு முழங்காலில் விழுகிறது. படியிறங்கும்போது அது மூன்று மடங்குக்கும் மேலாகிறது. இத்தகைய உறுப்பு தேய்வதில் வியப்பில்லை.

தேய்ந்த மூட்டுக்கு மாற்று மூட்டுப் பொருத்தும் முயற்சி பழையது. 1890இல் ஜெர்மானிய மருத்துவர் தெமிஸ்டோக்கிளிஸ் குளுக் யானைத் தந்தத்தால் செய்த முழங்கால் மூட்டைப் பொருத்திப் பார்த்தார்; நோய்க்கிருமியால் அது நிலைக்கவில்லை. 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் முதலியோர் உருவாக்கிய மூட்டே இன்று வழங்கும் மூட்டுகளுக்கு முன்னோடியாயிற்று. தேய்ந்த முனைகளைச் சீவி எடுத்துவிட்டு உலோகக் கவசம் பொருத்தி, இடையே வலிய பிளாஸ்டிக்கை வைப்பதே அதன் சுருக்கம்.

ஓய்வு எனும் மயக்கம்

வெட்டிய காலை அசைத்தால் கெட்டுவிடும் என்று அஞ்சுவது இயல்பே. ஆனால் மூட்டு மாற்றப்பட்டவரை, சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிறுத்துவதே இன்றைய மருத்துவ முறை. இதற்குக் காரணம் மூன்று. அசையாத காலில் குருதி தேங்கி உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி நெஞ்சுக்குச் சென்றால் உயிருக்கே ஏதம். இரண்டாவதாக, தொடையின் முன்தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்கும். முழங்காலை நீட்டி நிறுத்துவது அத்தசையே. மூன்றாவதாக, ஆறும் புண்ணைச் சுற்றித் தழும்பு படரும். முதற் சில வாரங்களில் மடக்கி நீட்டாவிட்டால் அத்தழும்பே விலங்காகி மூட்டை இறுக்கிவிடும். பின்னர் மடக்க முயல்வது பெரும்பாடு.

எவ்வளவு மடக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 பாகை மடங்கினால் போதும். படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 பாகையும் அதற்குச் சற்று மேலும் வேண்டும். குந்தி அமர 120 பாகைக்கும் மேல் தேவை. ஆகவே மாற்று மூட்டுப் பெற்றோரிற் பலர் நன்கு நடந்தாலும் குந்துவதற்கும் தரையில் அமர்வதற்கும் இடர்ப்படுவர். மடக்குவதைப் போலவே முழுவதும் நீட்டுவதும் இன்றியமையாதது. நீளாத கால் விந்தி நடக்கும். வலி தணியுமென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது இப்பிழைக்கு வழிகோலும். தலையணை வைப்பதாயின் குதிகாலுக்கு அடியில் வைத்தலே முறை.

படுக்கையிற் கிடந்தபடியே செய்யத்தக்க பயிற்சிகள் உண்டு. பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுதல், குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குதல் ஆகியவை எளியன. அன்றாடம் பலமுறை செய்தால் அவையே பெரும்பயன் தரும்.

கோலை ஊன்றும் முறை

அக்குளில் வைக்கும் ஊன்றுகோலின் மேற்கட்டை அக்குளை முட்டக்கூடாது. இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருத்தல் நன்று. அப்போது முழங்கை சற்றே மடங்கி நிற்கும். உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியது உள்ளங்கையே, அக்குள் அன்று. அக்குளில் தொங்கியே பலநாள் நடப்பவர்க்கு அங்குள்ள நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க இயலாமற் கை தொய்ந்துபோவதும் உண்டு. காலுக்கு வைத்தியம் பார்க்கப்போய்க் கையை இழந்த கதையன்றோ இது!

நடக்கும்போது முதலில் இரு கோல்களும், அடுத்துச் சிகிச்சை பெற்ற காலும், பின்னர் நல்ல காலும் முன் செல்லும். படியில் இம்முறை மாறும். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் நோயுற்ற காலும் முதலில். உடலைத் தூக்குவதும் மெல்ல இறக்குவதும் பெரும்பளு ஆதலின், இரண்டிலும் அவ்வேலை நல்ல காலுக்கே வருமாறு வகுத்த ஒழுங்கு இது. காரணம் அறிந்தவர்க்கு வரிசை மறவாது.

ஒற்றைக் கோலுக்கு மாறியபின் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. வலதுகாலில் நோயென்றால் கோலையும் வலக்கையிற் பிடிக்கின்றனர். கோல் இருக்கவேண்டியது இடக்கையில். நடக்கும்போது வலதுகாலோடு இடக்கை முன்செல்வதே இயற்கை. அந்நடை குலையாமற் கோலும் காலும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பது சிகிச்சைக்கு ஏற்ப வேறுபடும். மூட்டு மாற்றியவர் பெரும்பாலும் உடனே பாரம் வைக்கலாம். கிழிந்த மெத்தையைத் தைத்துச் சீராக்கியவர் சில வாரங்கள் பொறுக்க நேரும். ஆகையால் அடுத்த வீட்டார் நடந்த கணக்கைத் தமக்குக் கணக்காகக் கொள்ளாது, சிகிச்சை செய்த மருத்துவரையே கேட்டறிதல் வேண்டும்.

வீட்டார் கடன்

வள்ளுவர் காட்டிய கோல் வழுக்கு நிலத்தில் உதவுவது. இன்றைய கோலோ ஈரமான ஓட்டுத்தரையில் தானே வழுக்கும். கோலடியின் ரப்பர்க் குமிழ் தேய்ந்ததா என்று அடிக்கடி பார்த்தலும், குளியலறையை உலர வைத்தலும், கால் தடுக்கும் பாய்களையும் மின்கம்பிகளையும் அகற்றலும் வீட்டார் செய்யத்தக்க நற்பணிகள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காய்ச்சல் கண்டாலும், புண்ணில் நீர் கசிந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். திடீரென மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதித்தல் ஆகாது.

இவற்றினும் அரிய பணி ஒன்றுண்டு. அது, அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் தாமே செய்துவிடாதிருத்தல். தண்ணீரையும் உணவையும் படுக்கைக்கே கொண்டுவந்து கொடுத்து, “அப்பா, நீங்கள் எழவே வேண்டாம்” என்று சொல்லும் மகன் தந்தையின் வலியைக் கண்டு இரங்குகிறான். ஆனால் அந்த இரக்கமே தந்தையை நாற்காலியோடு பிணித்துவிடக்கூடும். பத்தடி தூரத்தில் தண்ணீரை வைத்துவிட்டு, அவர் எழுந்து வரும்வரை அருகில் பொறுமையோடு நிற்பவனே அவருக்கு மீண்டும் நடையைத் தருகிறான். வீழாமற் காக்கும் அளவுக்கு அண்மை, தானே நடக்கவிடும் அளவுக்குச் சேய்மை: நல்ல ஊன்றுகோலின் இலக்கணமும் இதுவே.