மான்யம் பட்டாவுக்கா, ஏருக்கா?

விழுப்புரம் ஜில்லா வானூர் தாலூகாவைச் சேர்ந்த இரும்பை, திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற மாகாளேசுவரர் ஆலயத்தால் பெயர் பெற்ற ஊர். முந்திரியும் சவுக்கும் வேர்க்கடலையும் விளையும் செம்மண் பூமி. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இத்தகைய கிராமங்கள் அநேகம். அங்கே உழுது பயிரிடுகிறவன் பெயரால் சர்க்கார் அளிக்கும் பணம் யார் கையில் சேருகிறது என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

மத்திய சர்க்கார் 2019-ஆம் வருஷம் பிப்ரவரியில் பிரதம மந்திரி கிசான் திட்டத்தைத் தொடங்கிற்று. வருஷத்துக்கு 6,000 ரூபாய். 2,000 வீதம் மூன்று தவணைகள். பணம் நேரே பாங்குக் கணக்குக்குப் போகும். முதலில் 2 ஹெக்டேர் என்றிருந்த வரம்பும் சில மாதங்களில் எடுபட்டது. நோக்கம் நன்றே, குறை கூறோம்.

ஆனால் 2020-ல் நடந்ததென்ன? விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் முதலிய ஜில்லாக்களில் பெரும் மோசடி வெளியாயிற்று. தகுதியற்றோர் ஐந்தரை லக்ஷம் பேர் பட்டியலில் ஏறினர் என்றும், 110 கோடி ரூபாய்க்கு மேல் போயிற்று என்றும் ராஜ்ய சர்க்காரின் விவசாய இலாகாவே தெரிவித்தது. அதிகாரிகளின் ரகசியக் குறிச்சொற்கள் ஒப்பந்த ஊழியர் கைக்கும் தரகர் கைக்கும் போயிருந்தன. "கொரோனா நிவாரணம்" என்று நம்பி ஆதார் எண்ணையும் பாங்குப் புத்தகத்தையும் கொடுத்தவர்களில் கூலி ஜனங்கள் பலர். தரகன் தன் பங்கைப் பெற்றுக்கொண்டான். பிறகு சர்க்கார் பணத்தைத் திரும்பப் பிடித்ததோ அந்தக் கூலிக்காரன் கணக்கிலிருந்து! சி.பி.சி.ஐ.டி. விசாரணையும் கைதுகளும் நடந்தன. நடக்கவேண்டியவையே.

எனினும் திருட்டை மட்டும் பேசி நிறுத்துவது போதாது. திருட்டே இல்லாதிருந்தாலும் இத்திட்டத்தில் ஒரு பெரும் அநியாயம் இருக்கிறது. 1-2-2019 அன்று நிலம் எவன் பெயரில் பதிவாகியிருந்ததோ அவனுக்கே பணம் என்பது பொது விதி. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுகிறவனுக்கு ஒரு காசும் கிடையாது. சென்னையில் குடியிருந்து நிலத்தை மிதியாத பட்டாதாரன், வருமான வரி முதலிய விலக்குகளில் அகப்படாவிட்டால், "விவசாயி" ஆகிறான்; விதை வாங்கக் கடன்பட்டவன் யாருமில்லை. இதே மத்திய சர்க்கார் 2016-ல் ஏற்படுத்திய பயிர் இன்ஷூரன்ஸ் திட்டம் குத்தகைதாரனையும் ஏற்கிறதே, இது எந்த நியாயம்?

குத்தகைதாரனைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறோம். நம் நாட்டில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சே. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று சொந்தக்காரன் அஞ்சுகிறான். எழுதக் கேட்டால் மறு வருஷம் நிலம் கிடையாது என்று குடியானவன் அஞ்சுகிறான். ஆயினும் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவே 1969-ல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டமிருந்தும் அதைத் தேடிப் போகும் துணிவு ஏழைக்கு எங்கிருந்து வரும்? சர்க்கார் அல்லவா அவனைத் தேடிப் போகவேண்டும்?

ஒரிஸ்ஸா ராஜ்யம் 2018-ன் இறுதியில் அறிவித்த 'காலியா' திட்டத்தில் வாரதாரரையும் நிலமற்ற விவசாயக் கூலிகளையும் சேர்த்தது. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது? கிராம அதிகாரி பசலிதோறும் அடங்கல் எழுதுகிறார். பயிரை எழுதும்போதே பயிரிட்டவன் பெயரையும் ஊரார் முன்னிலையில் விசாரித்து எழுதட்டும். அப்பெயரால் குத்தகைதாரனை வெளியேற்ற இடமில்லை என்று உத்தரவாதம் தரட்டும். அவனுக்குரிய தொகையை ராஜ்ய சர்க்கார் தன் பொக்கிஷத்திலிருந்து கொடுக்கட்டும். வானூர், திண்டிவனம் தாலூகாக்களில் அடுத்த பசலி பிறக்குமுன் இவ்வேலையைத் தொடங்குமாறு வற்புறுத்துகிறோம்.