முழங்கால் புராணம் – 6: எந்த ஊசி, யத்தே?

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் கீழப்பாவூரில் என் அத்தைக்கு முட்டு குடையத் தொடங்கிவிடும். வயது 68. மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால். இந்த ஆனியில் போனபோது, நிலையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

“முட்டுல ஊசி போட்டம்லா, ஒரு மாசம் நல்லா ஓடியாடித் திரிஞ்சேன். பொறவு பழைய குருடி கதவைத் திறடிதான்.”

“எந்த ஊசி யத்தே?”

“முட்டு ஊசிதான். ஊசில என்ன எந்த ஊசி?”

அங்கேதான் சிக்கல். முட்டுக்குள் போடும் ஊசி ஒன்றல்ல, குறைந்தது மூன்று. அரிசிப் பானைக்குள் கிடந்த சீட்டைத் தேடி எடுத்தோம். ட்ரையாம்சினலோன், 40 மில்லிகிராம். ஸ்டீராய்டு. போட்ட மூன்று நாளும் சர்க்கரை எகிறியதாம். எகிறும் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்பது அத்தையின் வருத்தம். நியாயமான வருத்தம்தான்.

ஸ்டீராய்டை மூட்டுக்குள் போடுவது 1951-லேயே வந்துவிட்ட வித்தை. அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹாலண்டர் தொடங்கிவைத்தது. வீங்கிச் சூடேறிய முட்டில் அழற்சியைச் சட்டென்று அடக்கும். விலையும் குறைவு. ஆனால் பலன் சில வாரங்களுக்குத்தான். அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருஷம் 140 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். 2017-ல் முடிவு வந்தது: வலியில் வித்தியாசம் இல்லை, ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. பேத்தி கல்யாணத்துக்கு நடமாட வேண்டும் என்று ஒருமுறை போட்டுக்கொண்டால் நான் தடுக்க மாட்டேன். வழக்கமாக்கிக்கொள்வதுதான் வம்பு.

அடுத்தது ஜெல் ஊசி. மூட்டுக்குள் இயற்கையாகவே ஊறும் வழுவழுப்பான ஹயலுரானிக் அமிலம்தான் அது. சேவல் கொண்டையிலிருந்து எடுப்பார்கள் (பாவூர்சத்திரத்தில் கறிக்கடைக்காரர் வெட்டி எறியும் அதே கொண்டை!), இப்போது நுண்ணுயிரிகளை வளர்த்தும் எடுக்கிறார்கள். ஸ்டீராய்டைவிடப் பல மடங்கு விலை. “வண்டிக்கு ஆயில் விட்ட மாதிரி” என்று சொல்லித்தான் போடுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. 2022-ல் பல பத்து ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, 100 புள்ளி வலி அளவுகோலில் போலி ஊசியைவிட அது கூடுதலாகக் குறைத்தது சுமார் 2 புள்ளி. அந்த 2 புள்ளி நடக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது பி.ஆர்.பி. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து முட்டில் செலுத்துவது. ‘சொந்த ரத்தம்’ என்ற சொல்லுக்கே பாதி வலி போய்விடும். 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை இரண்டாகப் பிரித்து, வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டு ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீர் போட்டவர்களும் பி.ஆர்.பி. போட்டவர்களும் வலியில் ஏறக்குறைய ஒன்றுதான். பலன் உண்டு என்று சொல்லும் சிறிய ஆய்வுகளும் இருக்கின்றன; ஆனால் தயாரிப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் எது எதோடு ஒப்பு என்றே பிடிபடுவதில்லை. என் காசாக இருந்தால் இப்போதைக்குக் கொடுக்க மாட்டேன்.

வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஊசிக்கு ஓடுகிறோம். ஏறிய வலி தானாகவும் கொஞ்சம் இறங்கும். வெறும் உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கும் வலி குறைந்ததில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான்.

ஊசியோடு உடற்பயிற்சியையும் மோதவிட்டார்கள். 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, 156 பேர். ஒரு வருஷம் கழித்து, ஸ்டீராய்டு போட்டவர்களைவிட இயன்முறைப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைவு, நடையும் மேல். நம் ஊரில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடி வருகிறது.

அத்தைக்கும் காட்டிக் கொடுத்தேன். கட்டிலில் காலை நீட்டி, பழைய துண்டைச் சுருட்டி முட்டுக்கு அடியில் வைத்து, முட்டால் அதை அமுக்கி ஐந்து எண்ண வேண்டும். பிறகு விட வேண்டும். தொடை இறுகுவது கைக்குத் தெரியும்.

“இதுக்குப் பேரு வைத்தியமா?” என்று சிரித்தார். ஆனாலும் எண்ணினார்.

ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். முட்டு சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டு மாற்று அறுவை என்று பேச்சு வந்தால் அந்தச் சீட்டை முதலில் நீட்டுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று மாதம் ஆகாமல் கத்தி வைத்தால் கிருமித் தொற்று ஆபத்து கூடும்.

(தொடரும்)