கீழ்க்கோர்ட்டில் தோற்றால் வீடு போய்விடுமா?

மும்பையில் ஒரு பழைய சால். சால் என்றால், ஒரே நடைவழியில் வரிசையாக அறைகள் உள்ள குடியிருப்பு. அதில் ஓர் அறையில் இட்லி விற்கும் அக்கா ஒருவர் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவார். அந்த அறைதான் அவருக்கு வீடு. அதுதான் தொழில் செய்யும் இடமும்.

வாடகை பாக்கி என்று சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். அக்கா கொடுத்த வாடகையை அவர் வாங்க மறுத்திருந்தார். அதனால் அக்கா மணியார்டரில் அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. அந்தச் சீட்டுகளை அக்கா கோர்ட்டில் கொடுத்திருந்தார். ஆனாலும், "வீட்டைக் காலி செய்ய வேண்டும்" என்று தீர்ப்பு வந்துவிட்டது.

"அவ்வளவுதான் அக்கா. சாமான்களைக் கட்டுங்கள்" என்றார் பக்கத்து அறைக்காரர்.

"ஹைகோர்ட்டுக்குப் போங்கள். செலவு ஆகும்" என்றார் ஒரு தரகர்.

இருவர் சொன்னதும் தவறு.

எங்கே போவது?

கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு சரியில்லை என்று மேலே முறையிடுவதற்கு மேல்முறையீடு என்று பெயர். அப்பீல் என்றும் சொல்கிறோம். எந்தத் தீர்ப்புக்கு எந்தக் கோர்ட்டில் அப்பீல் என்பதைச் சட்டமே சொல்கிறது. நாமாக ஒரு கோர்ட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது.

மும்பையில் வாடகை வழக்குகளை விசாரிப்பது ஸ்மால் காஸஸ் கோர்ட். மராத்தியில் இதை லகுவாத் நியாயாலய என்பார்கள். 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 34-ஆவது பிரிவின்படி, அப்பீலும் இதே கோர்ட்டில்தான். ஆனால் இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரிப்பார்கள். முதலில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி அதில் இருக்கமாட்டார். மும்பைக்கு வெளியே, மகாராஷ்டிராவின் மற்ற ஊர்களில், அப்பீல் மாவட்ட நீதிமன்றத்திற்குப் போகும்.

ஆகவே அக்கா ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. தவறான கோர்ட்டில் கொடுத்தால் மனு திரும்பி வரும். பணமும் போகும். நாளும் போகும்.

எத்தனை நாளுக்குள்?

30 நாள். தீர்ப்பு வந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். தீர்ப்பு நாளைச் சேர்க்க வேண்டாம். அப்பீலுக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். அதற்குக் கோர்ட்டில் மனுக் கொடுக்க வேண்டும். நகல் தயாராவதற்கு ஆகும் நாட்களை 30 நாளில் கழித்துவிடுவார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தீர்ப்பு மார்ச் 1. முப்பதாவது நாள் மார்ச் 31. நகலுக்கு மார்ச் 5-இல் மனுக் கொடுத்தார். மார்ச் 14-இல் நகல் தயார். இந்தப் பத்து நாட்கள் கழியும். ஆகவே கடைசி நாள் ஏப்ரல் 10. மனுக் கொடுத்த தேதியும் தயாரான தேதியும் நகலிலேயே எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். ஆனால் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

நாள் தவறிவிட்டால்? நோய் போன்ற நியாயமான காரணத்தைக் காட்டி, தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனுக் கொடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் கோர்ட்டின் முடிவு.

அப்பீல் போட்டால் மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. அப்பீல் நடக்கும்போதே கோர்ட் அமீனா வந்து வீட்டைக் காலி செய்யலாம். ஆகவே அப்பீலோடு தடை உத்தரவு கேட்டும் மனுப் போட வேண்டும். இதைத்தான் ஸ்டே என்கிறோம்.

ஸ்டே கொடுக்கும்போது, "மாதம் இவ்வளவு பணம் கட்டு" என்று கோர்ட் நிபந்தனை போடலாம். பழைய வாடகையைவிட அது கூடுதலாகவும் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சொன்ன தேதியில் பணத்தைக் கட்டாவிட்டால் ஸ்டே போய்விடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். தீர்ப்பு வந்தாலும் வீட்டுக்காரர் தாமாகவே பூட்டை உடைக்கக் கூடாது. சாமான்களை வெளியே எறியக் கூடாது. கோர்ட் மூலமாகத்தான் காலி செய்ய வைக்க வேண்டும்.

அப்பீலில் என்ன சொல்வது?

"நான் ஏழை, எனக்கு வேறு வீடு இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. கீழ்க்கோர்ட் எங்கே தவறு செய்தது என்று காட்ட வேண்டும். அக்கா தீர்ப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மணியார்டர் சீட்டுகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அப்பீலுக்கு அது நல்ல காரணம். முதல் கோர்ட்டில் கொடுக்காத புதிய சாட்சியங்களை அப்பீலில் எளிதில் ஏற்கமாட்டார்கள். ஆகவே ரசீதுகளை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணம்?

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வக்கீல் கிடைப்பார். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு உண்டு. கோர்ட்டில் உள்ள சட்ட உதவி அலுவலகத்தில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

மற்ற இடங்களில்?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெல்லியில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் உத்தரவுக்கு, வாடகைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் அப்பீல். ஆனால் வீட்டுக்காரர் சொந்தத் தேவைக்கு வீடு கேட்டு வாங்கிய உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. ஹைகோர்ட்டில் மறு ஆய்வு மனுதான். மும்பையில் பதினொரு மாத லைசென்ஸ் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் வழி வேறு. ஆகவே உங்கள் தீர்ப்பு எந்தச் சட்டத்தில் வந்தது என்று முதலில் கேளுங்கள்.

அக்கா மூன்றாம் நாளே நகலுக்கு மனுக் கொடுத்தார். அப்பீலும் ஸ்டே மனுவும் ஒன்றாகப் போட்டார். ஸ்டே கிடைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் காலை நான்கு மணிக்கு அடுப்பு எரிகிறது.

நினைவில் வையுங்கள்

1. தீர்ப்புத் தேதியைக் குறித்து வையுங்கள்.
2. உடனே நகலுக்கு மனுக் கொடுங்கள்.
3. சரியான கோர்ட் எது என்று கேளுங்கள்.
4. அப்பீலோடு ஸ்டேயும் கேளுங்கள்.
5. வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் வாடகைக்கு ரசீது வாங்குகிறீர்களா? அதில் என்ன எழுதியிருக்கிறது?